ஆபரேஷனுக்கு முன்னால் டெஸ்ட் எதற்கு?



சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் மாசாமாசம் பேசுறோம். மார்பில் வரும் கட்டியைப் பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டேங்கிறோம். நம்ம நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான்.

கட்டி தெரிஞ்சதும் சிலர் "வலி இல்லையே"ன்னு விட்டுடுறாங்க. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. சிலர் பயந்துபோய், "டெஸ்ட் வேண்டாம், உடனே வெட்டி எடுத்துருங்க"ன்னு சொல்றாங்க. ரெண்டுமே ஆபத்து.

எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. முதலில் டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பாங்க. அடுத்து மேமோகிராம். அது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. வயசு குறைஞ்சவங்களுக்குப் பெரும்பாலும் ஸ்கேன் எடுப்பாங்க. வேறு இடத்திலும் கட்டி இருக்கா, அக்குளில் நெறி கட்டியிருக்கான்னு இதில் பார்க்கலாம். மூணாவது ஊசி டெஸ்ட். மரத்துப்போக மருந்து போட்டு, துளி சதை எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க. புற்றுநோயா இல்லையான்னு உறுதியாகச் சொல்வது இதுதான். எந்த மருந்து கேட்கும் என்பதற்கும் அந்தச் சதையிலேயே விவரம் கிடைக்கும்.

"ஊசி குத்தினா பரவிடும்"னு ஒரு பேச்சு இருக்கு. அதை நம்பி யாரும் டெஸ்டைத் தள்ளிப்போடாதீங்க. டெஸ்ட் பண்ணாம கட்டியை எடுத்துட்டு, பிறகு புற்றுநோய்னு தெரிஞ்சா, மறுபடியும் ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம். ரெண்டு வலி, ரெண்டு செலவு. முன்னாடியே தெரிஞ்சா, பெரிய கட்டியை மருந்து ஏத்திச் சுருக்கிட்டு அப்புறம் ஆபரேஷன் செய்வாங்க. சிலருக்கு மார்பை முழுசா எடுக்காமலே காப்பாத்திடலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மா, தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தை மனசில் வைத்து, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினாங்க. நாம ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம், ஒருத்திக்கு ஒருத்தி துணைக்குப் போனாலே போதும்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு குழுவிலும் 30 வயசு தாண்டியவங்க எல்லாரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக மார்புப் பரிசோதனை செய்யணும். டெஸ்டுக்குத் திருநெல்வேலி வரை போக வேண்டியவங்களுக்கு, பஸ் செலவுக்கும் அன்றைய பீடிக் கூலிக்கும் ஈடாக, அவசரக் கடன் தரத் தீர்மானம் போடணும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் இப்பவே எடுத்து வைங்க.

வெட்கத்தை விட உசுரு பெருசு.