மருத்துவத்தின் ஐந்தாம் கூறு



நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுவோர் என மருத்துவத்தை நாற்கூறாக வகுத்தார் திருவள்ளுவர். இக்காலத்தில் ஐந்தாம் கூறு ஒன்றும் சேர்ந்துள்ளது. செலவை ஏற்பவரே அக்கூறு. அரசும் தனியாரும் கைகோக்கும் இடமும் அதுவே. அக்கைகோப்பில் கடிவாளம் எவர் கையில் உள்ளது என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

தமிழ்நாட்டில் மூன்று சான்றுகள் காண்போம்.

முதலாவது, 1994ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மருந்தை ஆக்குவோர் தனியார், வாங்குவது அரசு. மாநிலம் முழுமைக்கும் ஒருங்கே ஒப்பந்தப்புள்ளி கோருவதால் விலை தாழ்கிறது. ஆய்வகத்தில் தேறிய மருந்தே கிடங்கிலிருந்து மருத்துவமனைக்குச் செல்கிறது. நோயாளிக்கோ அது விலையின்றிக் கிடைக்கிறது.

இரண்டாவது, 2008இல் வந்த 108 ஊர்தி. செலவு அரசினது; இயக்குவது அரசு சாரா நிறுவனம். அழைப்பவரிடம் கட்டணம் கேட்பதில்லை.

மூன்றாவது, 2009இல் தொடங்கி 2012இல் மாற்றியமைக்கப்பட்ட காப்பீட்டுத் திட்டம். குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலக்க உருபா வரை இன்று பண்டுவம் பெறலாம். அரசு மருத்துவமனையும் உண்டு. தனியார் மருத்துவமனையும் உண்டு. நோயாளி அரசு மருத்துவமனைக்கு வந்தால் காப்பீட்டுத் தொகை அதற்கே சேர்ந்து, அதன் வளர்ச்சிக்குப் பயன்படும்.

இங்கேதான் விழிப்பு வேண்டும். அரசு மருத்துவமனையில் மருத்துவர் பற்றாது, கருவி பழுதுற்றுக் கிடப்பின், நோயாளி தனியாரிடம் செல்வார். அவர் பின்னே பொதுப்பணமும் செல்லும். நலிந்தது மேலும் நலியும். அது வீழ்ந்தபின் விலையை வரையறுப்பவர் எவர்? மேலும், காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தார்க்கே உதவும். நீரிழிவுக்கும் குருதியழுத்தத்திற்கும் நாள்தோறும் உண்ணும் மருந்தை ஏழைக்குத் தருவது தொடக்க நலவாழ்வு நிலையமே. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் அதனை இல்லத்திற்கே கொணர்கிறது.

ஆதலின் நாம் வற்புறுத்த வேண்டியவை மூன்று. அரசு மருத்துவமனைகளின் காலிப் பணியிடங்கள் உடனுக்குடன் நிரப்பப்பெறல் வேண்டும். தனியார் மருத்துவமனை வாயிலில் கட்டணப் பட்டியல் தமிழில் தொங்க வேண்டும். அறுவைக்கு முன் நோயாளி கையெழுத்திடும் தாளும் தமிழில் இருத்தல் வேண்டும். விளங்காத தாளில் இட்ட கையெழுத்து இசைவு ஆகாது!

தனியார் துணையாகலாம், தூணாகலாகாது. அரசு மருத்துவமனை நிமிர்ந்து நிற்கும் வரையில்தான் தனியார் விலையும் வரம்பில் நிற்கும். அதனைக் காப்பது நம் கடன்.