பணமில்லாக் கொடுக்கல் வாங்கலும் நமது சங்கமும்

(செஞ்சியில் கூடிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பண்டமாற்று. பணத்தைக் கையாளாமல், பொருளுக்குப் பொருளும், வேலைக்குப் பொருளும், வேலைக்கு வேலையும் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையே அவ்வாறு கூறுகிறோம். ரூபாயும் வங்கியும் கைப்பேசி வழிப் பணமும் வந்துவிட்ட இக்காலத்தில் இப்பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். ஆயினும் அவ்வழக்கம் நம்மை விட்டு முற்றும் நீங்கிவிடவில்லை. இன்று உன் நிலத்துக்கு நான், நாளை என் நிலத்துக்கு நீ என்று ஆள்மாற்றுச் செய்துகொள்வோர் இருக்கிறார்கள். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்னும் கூவலை இங்குள்ளோர் அனைவரும் கேட்டிருப்பீர்கள். விதைக்கு நெல் வாங்கி, அறுப்பில் நெல்லாகத் திருப்புவோரையும் தாங்கள் அறிவீர்கள். ஆகவே இதன் நன்மை தீமைகளை ஆராய்வது நமக்கு அவசியமே.

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் கோட்டையையே முதற்கண் நோக்குவோம். ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மஹாலைக் காணச் செல்வோர், அதன் அருகே வளைவுக் கூரையுடன் நிற்கும் பெரிய களஞ்சியங்களையும் காணாமல் திரும்ப முடியாது. 1690 முதல் 1698 வரை மராட்டிய மன்னர் ராஜாராமை இக்கோட்டையில் மொகலாயப் படை முற்றுகையிட்டது. வாயில் அடைபட்ட நாளில் பணப்பெட்டி சோறாகாது, களஞ்சியமே சோறிடும். தானியமே செல்வம் என்பதை நம் முன்னோர் கல்லிலே எழுப்பி வைத்துச் சென்றனர் எனலாம்.

இனி, பொருளுக்குப் பொருள் மாற்றியதைப் பார்ப்போம். உமணர் என்னும் உப்பு வணிகர் வண்டிகளில் உப்பை ஏற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றியதைச் சங்க நூல்கள் கூறுகின்றன. உப்புக்கு நெல் சரிக்குச் சரி என்று கூறி விற்றதாக அகநானூற்றிலே ஒரு செய்தி உண்டு. நமக்குக் கிழக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. நம்மிடம் நெல் விளைகிறது. உப்புடையவனுக்கு நெல் வேண்டும். நெல்லுடையவனுக்கு உப்பு வேண்டும். இருவர் தேவையும் ஒருங்கே பொருந்தி, அளவும் வெளிப்படையாக இருந்தால், இதில் ஒருவரும் ஏமாற இடமில்லை. அஸ்ஸாமில் மோரிகாவ் ஜில்லாவில் ஜோன்பீல் என்னும் ஏரிக்கரையில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஒரு சந்தை கூடுகிறது. மலைவாசிகள் இஞ்சி, மஞ்சள் முதலியவற்றைக் கொண்டுவந்து, சமவெளியாரின் அரிசிப் பலகாரத்துக்கும் கருவாட்டுக்கும் இன்றும் மாற்றிச் செல்கிறார்கள். நேருக்கு நேர் கைமாறுவதால் அங்கே கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

ஆனால் வேலைக்குத் தானியம் அளந்த கதை வேறு. தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் முதலிய கிராமத் தொழிலாளருக்கு ஆண்டு முழுதும் செய்த வேலைக்காக அறுப்புக் களத்தில் நெல் அளக்கும் வழக்கம் இருந்தது. அதனை மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்கினர். பெயர் சுதந்திரம், ஆனால் பெறுபவருக்கு அது இருந்ததா? வேலை பிறப்பினால் விதிக்கப்பட்டது. மரக்கால் கொடுப்பவர் கையில் இருந்தது. எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்பாடு சொன்னாலும், மரக்காலின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. அளந்தது போதாதென்று சொல்லத் துணிந்தவர் சிலரே. 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்தால் கிலோவும் லிட்டரும் வந்தன. ஏழைக்கு அது எவ்வளவு பெரிய அனுகூலம் என்பதை நாம் நினைப்பதேயில்லை.

இப்பொழுது என் முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிராமத்தில் நான் தணிக்கைக்குச் சென்றிருந்தபோது அங்கத்தினர் ஒருவர் என்னிடம், “ஐயா, வட்டியில்லாமல் கடன் வாங்கினேன், ஆனாலும் களத்தில் நெல் மிஞ்சவில்லை, ஏனென்று விளங்கவில்லை” என்றார். நான் கணக்கைக் கேட்டேன். விதைப்புக் காலத்தில் மூன்று மூட்டை நெல் வாங்கியிருக்கிறார். நமக்குச் சுலபமாயிருக்க, அன்றைய விலை மூட்டை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்தவர் நோட்டில் மூன்று மூட்டை என்று எழுதவில்லை. 6,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டார். அறுப்பு வந்தது. எல்லாரும் ஒருங்கே விற்பதால் விலை 1,500-க்கு இறங்கிற்று. 6,000 ரூபாய்க்கு நெல்லாக அளக்கும்போது நான்கு மூட்டை ஆயிற்று. மூன்று வாங்கியவர் நான்கு கொடுத்தார். சில மாதங்களில் மூன்றுக்கு ஒன்று அதிகம்; பெயரோ வட்டியில்லாக் கடன்!

அங்கத்தினர்களே, இதிலுள்ள சூட்சுமத்தைக் கவனியுங்கள். கொடுக்கும்போது பணக் கணக்கு. வாங்கும்போது தானியக் கணக்கு. இவ்விரண்டும் கலக்கும் இடத்திலேதான் ஏழைக் குடியானவனின் உழைப்பு ஒழுகிப் போகிறது. குற்றம் பண்டமாற்றில் இல்லை, பணத்திலும் இல்லை. எழுதப்படாத அளவிலும், காத்திருக்க முடியாதவனின் அவசரத்திலுமே இருக்கிறது. ரயத்துவாரி ஏற்பாட்டில் நிலவரியை ரூபாயாகக் கட்டவேண்டி வந்த காலம் முதல், அறுத்தவுடன் விற்றாக வேண்டிய நெருக்கடி நம் குடியானவரைத் தொடர்ந்தது. வரிச்சுமை குறைந்தும், கடன் தவணை என்னும் உருவில் அந்நெருக்கடி இன்னும் நிற்கிறது.

இதற்குப் பரிகாரம் யாது? கூட்டுறவின் மூலபுருஷர்களில் ஒருவரான ஜெர்மானியர் ராய்பைசன், 1846-47 பஞ்சத்தில் முதன்முதல் தொடங்கியது பணச் சங்கமன்று; ரொட்டிச் சங்கம். மாவு வாங்கி, பொதுவில் அடுப்பு வைத்துச் சுட்டு, ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். ஒரிஸ்ஸாவிலும் தானியக் களஞ்சியச் சங்கங்கள் நெல்லாகக் கொடுத்து நெல்லாக வாங்கியதுண்டு. நாமும் அதையே செய்யலாம். அறுப்பில் ஒவ்வொருவரும் இயன்ற அளவு நெல்லைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பது. விதைப்பில் வேண்டியவர் எடுப்பது. அடுத்த அறுப்பில் அதையே திருப்புவது. எலி, ஈரம், சேதாரத்துக்காக மூட்டைக்கு ஐந்து கிலோ கூட்டினாலும், மூன்று மூட்டைக்குப் பதினைந்து கிலோதான் அதிகம். 75 கிலோ கொண்ட ஒரு முழு மூட்டை எங்கே, பதினைந்து கிலோ எங்கே!

ஆனால் நான்கு விதிகளைக் கைவிடலாகாது. முதலாவது, நெல்லாகக் கொடுத்தது நெல்லாகவே திரும்ப வேண்டும். இடையில் விலை நுழையக் கூடாது. இரண்டாவது, மரக்கால் வேண்டாம்; முத்திரையிட்ட தராசு வேண்டும். ஈரத்தையும் பார்க்க வேண்டும். அரசுக் கொள்முதலில் 17 சதவீதத்துக்கு மேற்பட்ட ஈரமுள்ள நெல்லை ஏற்பதில்லை என்பதை அறிவீர்கள். நம் களஞ்சியத்துக்கு அதைவிடக் காய்ந்த நெல்லே உகந்தது. மூன்றாவது, ஒவ்வொருவர் வரவும் பற்றும் புத்தகத்தில் ஏறி, கூட்டத்தில் உரக்கப் படிக்கப்பட வேண்டும். நான்காவது, களஞ்சியத்தில் உள்ளதற்கு மேல் ஒரு படியும் சீட்டு எழுதக் கூடாது. அர்ஜென்டினாவில் 1995-ல் தொடங்கிய பண்டமாற்றுச் சங்கங்கள் 2002-க்குள் லட்சக்கணக்கானோரைச் சேர்த்துக்கொண்டன. ஆனால் பொருளுக்கு மிஞ்சிச் சீட்டுகள் பெருகியதாலும், கள்ளச் சீட்டுகள் புகுந்ததாலும் அதே ஆண்டில் அவற்றுள் பெரும்பாலானவை நிலைகுலைந்தன. சீட்டு நெல்லாகாது என்பதை மறவாதீர்கள்.

ஆள்மாற்றுக்கும் இப்படியே ஒரு நோட்டு வைக்கலாம். ஒரு நாள் ஆணின் உழைப்பு ஒரு நாள். ஒரு நாள் பெண்ணின் உழைப்பும் ஒரு நாளே. நிலமில்லாதவருக்கு மாற்று ஆளால் பயனில்லையாதலால், அவருக்குரிய கூலி ரொக்கமாகவே சேர வேண்டும். மேரைக் காலத்துக்குத் திரும்புவது நம் நோக்கமன்று.

இதனால் பணத்தை வெறுக்கச் சொல்கிறேன் என்று எண்ணவேண்டாம். விற்கும் நெல்லைச் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடைபோட்டு ரூபாய்க்கே விற்க வேண்டும். ஆனால் பணமும் சில வேளை கைவிடும். 8-11-2016 இரவில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டன. 14-11-2016-ல் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் அந்நோட்டுகளை வாங்கலாகாதென்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்நாட்களில் கையில் மாற்றுப் பணமில்லாதவருக்கு உதவியது அண்டை அயலாரின் நம்பிக்கை ஒன்றே. அந்நம்பிக்கையை எழுத்திலும் எடையிலும் நிறுத்தி வைப்பதுதான் சங்கம்.

ஆகவே, வரும் பொதுச்சபையில் துணைவிதிகளை ஆராய்ந்து, அவை இடங்கொடுக்குமாயின், ஒரு சிறு களஞ்சியத்துக்குத் தீர்மானம் செய்யுமாறு வேண்டுகிறேன். பத்துக் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று தொடங்கினாலும் போதும். அதற்கு முன் இன்றிரவே ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பேரில் எவரிடமேனும் பற்று இருந்தால், அங்கே எழுதியிருப்பது மூட்டையா, ரூபாயா என்று கேட்டறியுங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் துணிந்தவர், அடுத்த அறுப்பில் ஒரு மூட்டையை வீட்டுக்குக் கொண்டுசெல்ல வழி தேடிக்கொண்டவராவார்.