பாலைவனத்தில் மோதிய விமானமும் இரண்டு நூல்களும்

'குட்டி இளவரசன்' நேயர்களிற் பலர் படித்திருக்கக்கூடிய நூல். பிரெஞ்சு எழுத்தாளர் அந்துவான் து செந்த் எக்சுபெரி 1943இல் வெளியிட்ட அக்கதையில், விமானி ஒருவன் சகாராப் பாலைவனத்திலே சிக்கிக்கொள்கிறான். இயந்திரத்தில் ஏதோ உடைந்துவிட்டது. கூட யாருமில்லை. கையிலுள்ள குடிதண்ணீர் எட்டு நாளைக்குத்தான் காணும்.

ஆசிரியருக்கு உண்மையில் நேர்ந்த விபத்து இவ்வளவு ஒழுங்கானதன்று. 1935ஆம் ஆண்டு முடிவதற்குள், பாரிஸிலிருந்து சைகோனுக்கு முன்னையவர்களிலும் விரைவாகப் பறப்பவருக்கு 150,000 பிராங்க் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். எக்சுபெரிக்கோ பணமுடை. தமது சிமூன் ரகச் சிறு விமானத்தில், அந்திரே பிரேவோ என்ற இயந்திர வல்லுநருடன் டிசம்பர் 29ஆந் திகதி புறப்பட்டார். எரிபொருள் கூடுதலாக ஏற்றவேண்டுமென்று வானொலிக் கருவியை விட்டுவிட்டுப் போனார். வானொலியிற் பேச வந்த எனக்கு இந்த விபரம் சற்று உறுத்தத்தான் செய்கிறது.

இயந்திரம் கடைசிவரை நன்றாகவே ஓடியது. பிழைத்தது கணக்கு. உயரமானி காற்றழுத்தத்தைக் கொண்டுதான் உயரத்தைக் காட்டும்; போகும் இடத்து அழுத்தம் தெரியாவிட்டால் அதன் முள்ளை நம்ப முடியாது. அதைக் கேட்டறியக் கருவியில்லை. நைல் நதியைத் தாண்டிவிட்டோமென்று எண்ணி, கெய்ரோவின் வெளிச்சத்தைத் தேடி முகிலுக்குள்ளால் இறங்கியவர், 30ஆந் திகதி விடியுமுன், மணிக்கு 270 கிலோமீற்றர் வேகத்தில் நிலத்தோடு மோதினார். நிலம் மெல்லிய சரிவு. அதன்மேல் உருண்டைக் கருங்கற்கள். அவை விமானத்தின் அடியில் உருண்டு கொடுத்தபடியால் அது குத்தி நொறுங்காமல் வழுக்கிக்கொண்டே போய் நின்றது. இருவரும் பிழைத்தார்கள். தண்ணீர்த் தாங்கிகள்தாம் வெடித்துப்போயின. சிறிது கோப்பி, சிறிது வைன், பிறகு தேடி எடுத்த ஒரு தோடம்பழம்: எட்டு நாளைக்கல்ல, ஒரு நாளைக்கே காணாது.

இந்த அனுபவத்தை 1939இல் வந்த 'மனிதர்களின் நிலம்' என்று நாம் பெயரிடக்கூடிய நூலில் அவர் விரிவாக எழுதினார். என்னை அதிற் பிடித்து நிறுத்துவது, பிரேவோ அழும் இடம். சாவுக்குப் பயந்து அவர் அழவில்லை. வீட்டிலே காத்திருப்பவர்களை நினைத்தே அழுகிறார். எக்சுபெரிக்கும் அதே வேதனைதான். காத்திருப்போரே ஆபத்தில் இருப்பது போலவும், நடந்துபோய் அவர்களைக் காப்பாற்றுவது தம் பொறுப்பு என்பது போலவும் அவருக்குத் தோன்றுகிறது. தாகத்தைப் பற்றிய பக்கங்களைவிட இந்தப் பக்கம் கனமானது என்பேன்.

நாட்கணக்காக நடந்து தளர்ந்தபின் ஒட்டகத்தோடு வந்த பெதுவின் ஒருவர் கண்டெடுத்தார். தட்டத்துத் தண்ணீரில் முகம் புதைத்துக் குப்புறக் கிடந்து குடித்தவர்களை, அளவுக்கு மிஞ்சிப்போகுமென்று அஞ்சி, அவர் அடிக்கடி தடுக்க வேண்டியிருந்தது. அவருடைய பெயர் நூலில் இல்லை. முகங்கூட மறந்துபோகும் என்கிறார் ஆசிரியர். ஆனால் மனித குலமே அந்த முகத்தோடு தம்மிடம் வந்ததாக எழுதுகிறார்.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்த கதையில் பிரேவோவும் இல்லை, பெதுவினும் இல்லை. எட்டாம் நாள் கிணறு ஒன்று அகப்படுகிறது. விமானி தானே வாளியால் அள்ளி இளவரசனுக்குக் கொடுக்கிறான். அழகான இடந்தான். ஆனால் அந்த நூலை மாத்திரம் படித்தவர்கள், தண்ணீர் கொடுத்த மனிதரைச் சந்திப்பதேயில்லை.