பிள்ளை கையில் என்ன கொடுப்பது?

(டிரஸ்ட்டின் மாதாந்திரப் பெண்கள் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



கல்வி உதவித்தொகை பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதைக் கடைசியில் சொல்லிவிடுகிறேன். இன்று, பள்ளிக்கூடம் போகும் வயது வராத நம் பிள்ளைகளைப் பற்றியும், அவர்கள் கையில் இருக்கும் செல்போனைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. யாரையும் குறை சொல்ல வரவில்லை. குறை என் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறது.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. மருமகன் சவூதியில் இருக்கிறார். பிள்ளைக்குச் சோறு ஊட்டப் போன், அழுதால் போன், தூங்க வைக்கவும் போன். நான் சுபுஹு தொழுதுவிட்டு வந்து பேப்பர் படிக்கும்போது மடியில் ஏறுவான். நானே என் போனைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்திருக்கிறேன். எண்ணி ஏழெட்டு வார்த்தைதான் பேசினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆம்பளைப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

கடைசியில் மருத்துவரிடம் போனோம். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதித்தார். நன்றாகக் கேட்கிறது. பிறகு, "காலையிலிருந்து ராத்திரி வரை இவனோடு யார் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஏழு பேர். ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. காரணம் நமக்குப் புரியாததல்ல. போன் பேசிக்கொண்டே இருக்கும். பிள்ளை பதில் சொல்வதற்காகக் காத்திருக்காது. உடனே ஒரு சகோதரி கேட்பார்: "வாப்பா வெளிநாட்டில் இருக்கிறார், வீடியோ காலையும் நிறுத்தவா?" வேண்டாம். அங்கே வாப்பா பிள்ளை முகத்தைப் பார்த்துக் கேட்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார். அது வேறு, பாட்டு ஓடுகிற வீடியோ வேறு.

ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளைப் பற்றிய செய்தியை அபூதாவூதில் ஓதியிருக்கிறோம். பொம்மைகளுக்கு நடுவே துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரை. நபி (ஸல்) அவர்கள் அது என்ன, அதன் மேல் இருப்பது என்ன, குதிரைக்கு இறக்கையா என்று அடுத்தடுத்துக் கேட்கிறார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததே என்று பதில் வருகிறது. கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறார்கள். மதரஸாவில் ஓதும்போது பொம்மைக்கு அனுமதி உண்டா என்ற சட்டத்தைத்தான் கவனித்தேன். அத்தனை கேள்விகள் கேட்டு, பதிலுக்குப் பொறுத்திருந்தது இந்த வயதில்தான் கண்ணில் படுகிறது.

"எங்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். மேலப்பாளையத்தில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கணக்கை முடிக்க வேண்டிய தாயிடம் போய், பிள்ளையோடு விளையாடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் வேலைக்குப் பக்கத்திலேயே நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். ஒன்று மட்டும் கண்டிப்பு: புகையிலைத் தூளிலும் கத்தரிக்கோலிலும் பிள்ளையின் கை படக் கூடாது. தட்டு ஒரு மூலை, பிள்ளை எதிர் மூலை.

சப்பாத்தி மாவில் ஓர் எலுமிச்சை அளவு உருட்டிக் கொடுங்கள். என் பேரனை முதலில் மடக்கியது அதுதான். பாம்பு செய்வான், வடை செய்வான், நசுக்குவான். "வடை யாருக்கு? உம்மாவுக்கா?" என்று கையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கலாம். கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம், அதுதான் நம் பழக்கம். இரண்டு எவர்சில்வர் டம்ளரும் அரைச் சட்டித் தண்ணீரும் கொடுத்தால் அரை மணி நேரம் ஊற்றி விளையாடும். தரை நனையும், நனையட்டும். ஆனால் வாளித் தண்ணீர் வேண்டாம். சட்டித் தண்ணீரானாலும் உங்கள் கண் அங்கேயே இருக்க வேண்டும். சொளவில் வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் கலந்து போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். புளியங்கொட்டை, பயறு எல்லாம் மூன்று வயது தாண்டிய பிறகு. சின்னதுகள் வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும். காய்ந்த துணி மடிக்கும்போது வாப்பா கைலி எது, அக்கா துப்பட்டா எது என்று எடுத்துத் தரச் சொல்லலாம். கரண்ட் போனால் சுவரில் கைநிழல்.

வீட்டில் உம்மம்மா இருந்தால் இன்னும் நல்லது. உள்ளங்கையில் பருப்பு கடைந்து, விரல் விரலாகச் சோறு ஊட்டி, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுகிற விளையாட்டு அவர்களுக்குத் தெரியும். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பல்லாங்குழியை இறக்குங்கள். பதினான்கு குழியிலும் காய் போட்டு முடிப்பதற்குள் எண்ணத் தெரிந்துவிடும்.

போனை நிறுத்தினால் முதல் சில நாள் வீடு வீடாக இருக்காது. எங்கள் வீட்டில் நாலு நாள் அழுதான், பீரோவை உதைத்தான். மகளை விட எனக்குத்தான் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் கொடுத்துவிடப் போனேன், மகள் தடுத்தாள். ஐந்தாம் நாள் என் பேப்பரைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு "தொப்பி" என்றான். வயதுக்கு இன்றும் பேச்சு கொஞ்சம் குறைவுதான். ஆனால் கூப்பிட்டால் திரும்புகிறான், அல்ஹம்துலில்லாஹ்.

எல்லாப் பிள்ளைகளின் பேச்சும் போனால்தான் நின்றது என்று நான் சொல்லவில்லை. இரண்டு வயது முடிந்தும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாவிட்டால், கூப்பிட்டுத் திரும்பாவிட்டால், காத்திருக்காமல் வாருங்கள். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு டிரஸ்ட் சார்பில் ஒரு சகோதரி கூட வருவார். பெயர் வெளியே போகாது.

பொம்மை வாங்க நிதி கேட்டிருந்தீர்கள். தரவில்லை, கோபப்பட வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கொரு பழைய துணியும் ஊசிநூலும் கொண்டு வாருங்கள். இங்கேயே உட்கார்ந்து தைக்கலாம், இன்ஷா அல்லாஹ். உதவித்தொகை விண்ணப்பம் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் கிடைக்கும். ரேஷன் கார்டு நகல் அவசியம்.