மீன் எண்ணெயும் அலைபாயும் கவனமும்



சென்ற மாதம் ஓர் அம்மா தம் எட்டு வயது மகனுடன் வந்தார். உட்கார்ந்த சற்று நேரத்தில் என் மேசையிலிருந்த முத்திரையை எடுத்துத் தன் முழங்கை வரை குத்திக்கொண்டான் பையன். அம்மா துணிப்பையிலிருந்து மீன் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வைத்தார். “ஏழு மாசமா குடுக்கறேன் டாக்டர். இன்னும் எத்தனை புட்டி வாங்கணும்?” என்றார்.

அவர் நம்பியதில் தவறில்லை. மூளை கொழுப்பு மிகுந்த உறுப்பு. நரம்பணுக்களின் சவ்வில் டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பமிலம் நிறைந்திருக்கிறது. ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு உள்ள சிறுவர்களின் இரத்தத்தில் இவ்வகைக் கொழுப்பமிலங்கள் குறைவு என்று 1995-இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகக் குழு காட்டியது. குறைந்ததைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். 2001-இல் வெளியான ஆய்வில் 63 குழந்தைகளைச் சேர்த்து நான்கு மாதம் பார்த்தார்கள். டி.எச்.ஏ. உண்டவர்களின் இரத்தத்தில் அதன் அளவு ஏறியது, அறிகுறிகள் குறையவில்லை.

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உடலியக்க ஒருங்கிணைப்புக் கோளாறுள்ள 117 குழந்தைகளிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த நல்ல ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. வாசிப்பும் எழுத்துக்கூட்டலும் நடத்தையும் மேம்பட்டன. மறு ஆண்டே அங்குள்ள உள்ளாட்சி மன்றம் தேர்வெழுதும் 5,000 மாணவர்களுக்கு மீன் எண்ணெய் கொடுக்க முன்வந்தது. போலி மாத்திரை பெறும் குழுவே இல்லை! தொடங்கியவர்கள் சுமார் 3,000 பேர். ஒழுங்காக உண்டவர்கள் 832 பேர். நாள் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை நாள் தவறாமல் பாடமும் படிக்கும். பிறகு மதிப்பெண்ணை எதன் கணக்கில் எழுதுவது? அரிய வாய்ப்பு ஒன்று வீணாயிற்று என்பதே என் கருத்து.

2011-இல் ஏ.டி.எச்.டி. உள்ள 699 குழந்தைகளின் தரவைத் தொகுத்தபோது சிறு பலன் தெரிந்தது. வழக்கமான மருந்துகளின் பலனுக்கு அது ஈடாகாது. 2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 37 ஆய்வுகளைத் தொகுத்தது. பெற்றோர் மதிப்பிட்ட கவனக்குறைவில் போலி மாத்திரைக்கும் இக்கொழுப்பமிலங்களுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் கதவு முழுவதும் மூடிவிடவில்லை. 2019-இல் 92 பேரிடம் நடந்த ஆய்வில், இரத்தத்தில் இ.பி.ஏ. என்னும் இன்னொரு ஒமேகா-3 கொழுப்பமிலம் குறைவாக இருந்தவர்களிடம் கவனம் கூடுதலாக மேம்பட்டது. நம் கருத்தரங்கின் இன்றைய அமர்வுகள் ஊன்றிப் பார்க்க வேண்டிய இடம் இது.

அந்த அம்மாவிடம், அடுத்த புட்டி வேண்டாம், அந்தக் காசுக்கு மத்தி மீன் வாங்கிக் குழம்பு வையுங்கள் என்றேன். பெற்றோர் பயிற்சிக்கு நாள் குறித்தோம்.

ஆய்வாளர்களிடம் ஒரே வேண்டுகோள். எண்ணெய் கொடுக்கும் முன் இரத்த அளவைப் பாருங்கள். பலன் இல்லையென்றால் அதையும் தயங்காமல் வெளியிடுங்கள்.