கண் ஆபரேஷனுக்குப் பின் உம்ரா பயணம்

(நமது டிரஸ்டின் கண் பரிசோதனை முகாமில் ஆற்றிய உரை)



முகாமுக்கு வருகிறவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "கண்ணில் லென்ஸ் வைத்திருக்கிறது. விமானம் ஏறினால் அது நகர்ந்துவிடுமா, வெடித்துவிடுமா?"

பயப்பட வேண்டாம். கண்புரைக்கு வைக்கும் லென்ஸ் பிளாஸ்டிக் போன்ற பொருளால் ஆனது. அதற்குள் காற்று கிடையாது. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அப்போது விரிவது வாயுதான், லென்ஸ் அல்ல. ஆபரேஷன் செய்த டாக்டர் பார்த்து, "போகலாம்" என்றதும் கிளம்புங்கள். சொட்டு மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

ஆனால் விழித்திரை ஆபரேஷன் செய்தவர்கள் கவனியுங்கள். விலகிய விழித்திரையை ஒட்ட வைக்கச் சிலருக்குக் கண்ணுக்குள் கேஸ் நிரப்புவார்கள். அது கரைய, வகையைப் பொறுத்து 2 வாரம் முதல் 2 மாதம் வரை ஆகும். பறக்கும் விமானத்தின் உள்ளே அழுத்தம், சுமார் 8,000 அடி உயர மலைமேல் இருப்பது போலக் குறையலாம். அந்த அளவில் கேஸ் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியப் பார்க்கும். கண்ணுக்குள் அதற்கு இடம் ஏது? கண் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, பார்வையே நிரந்தரமாகப் போய்விடலாம்.

விமானம் மட்டுமல்ல, மலைப்பாதையும் ஆபத்துதான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். மக்காவிலிருந்து ஜியாரத்துக்குப் போகும் தாயிஃப் சுமார் 1,800 மீட்டர்.

கேஸுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் வைத்தவர்களுக்கு இந்த விரிவு இல்லை. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது, "உள்ளே இருப்பது லென்ஸா, எண்ணெயா, கேஸா?" என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். கேஸ் இருக்கும்போது வேறு ஆபரேஷன் செய்ய நேர்ந்தால், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். சில மயக்க வாயுவும் அந்தக் கேஸைப் பெருக்கிவிடும்.

"டிக்கெட் போட்டாச்சே" என்று பிள்ளைகளிடமும் டாக்டரிடமும் மறைக்காதீர்கள். உடல் நலமும் பயணத்துக்கான சக்தியில் சேர்ந்ததே. தேதியை மாற்ற வேண்டுமானால் எங்களிடம் சொல்லுங்கள். டிராவல்ஸ்காரர்களிடம் நாங்களும் பேசுகிறோம். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தை மறுபடி சம்பாதிக்கலாம். போன பார்வை திரும்ப வராது.

கஃபாவைக் கண்குளிரக் காணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.