ஏணியில் ஏறிய சிக்கனம்



'வீட்டு வேலையை நாமே செய்வது லாபமா, நட்டமா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "குழாய் மாத்தினேன், 300 ரூபாய் மிச்சம். வெள்ளையடிச்சேன், 5,000 ரூபாய் மிச்சம். கொல்லையில நின்ன மரத்தையும் நானே வெட்டினேன்" என்றார். குழாய் வரைக்கும் நான் ஒத்துக்கொள்கிறேன். குழாயில் தப்பு நடந்தால் தண்ணீர் ஒழுகும். மரத்தில் தப்பு நடந்தால் ஒழுகுவது தண்ணீரா நடுவர் அவர்களே? அதனால் மற்ற வேலைகளைத் தம்பிக்கே விட்டுவிட்டு, மரத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சங்க காலத்தில் பகைவனுடைய காவல் மரத்தை வெட்டிச் சாய்த்தால் அது வெற்றி. இன்றைக்கு நம்ம ஆளு சொந்த மரத்தைச் சொந்த வீட்டு மேலயே சாய்த்துவிட்டு, வாசலில் நின்று வேடிக்கை பார்க்கிறார். (சிரிப்பு)

எங்கள் தெருவில் ஒருவர். கணக்கில் புலி. மாமரத்துக் கிளை ஓட்டு மேல உரசுகிறது. ஆள் 2,000 ரூபாய் கேட்டார். "ஒரு கிளைக்கு ரெண்டாயிரமா?" என்று இவரே ஏணியைத் தூக்கினார். ஏணியை எங்கே சாத்தினார்? வெட்டப்போகிற கிளையிலேயே சாத்தினார்! (சிரிப்பு) கிளை தன் பாரத்தில் கீழே வளைந்து நிற்கும். நுனியை அறுத்துத் தள்ளினதும் பாரம் குறைந்து, மிச்சக் கிளை விசுக்கென்று மேலே எழும்பும். ஏணிக்குப் பிடிமானம் போயிற்று. புலி கீழே வந்தது. மாவுக்கட்டோடு மூன்று மாதம். அந்த அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு கிளைக்கு நேர் கீழேயே நின்றிருந்தார்கள். நூலிழையில் தப்பினார்கள்.

நூலிழை என்று ஏன் சொல்கிறேன்? ஒரு அடி விட்டம், 10 அடி நீளம் உள்ள பச்சைக் கிளை சுமார் 200 கிலோ இருக்கும். 25 கிலோ அரிசிப் பை எட்டு, ஒரே நேரத்தில் தலையில் இறங்கினால் எப்படி இருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

அடுத்து முருங்கை. அது சட்டென்று ஒடிகிற மரம். "வேதாளமே ஏறுது, நான் ஏறக்கூடாதா?" என்கிறார்கள். ஐயா, வேதாளத்துக்கு எடை கிடையாது, உங்களுக்கு எண்பது கிலோ! (சிரிப்பு, கைதட்டல்) மாமரத்தில் ஏறினால் முசுறு இருக்கிறது. முசுறு கடிக்கும்போது மனிதன் கிளையைப் பிடிப்பானா, முசுறைத் தட்டுவானா? இரண்டு கையும் ஒரே நேரத்தில் கிளையை விட்டுவிடும்.

வள்ளுவர் இதை வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார், 476-ஆவது குறள். நுனிக்கொம்பு வரை ஏறியவன் அதற்கு மேலும் ஏறப் பார்த்தால் உயிருக்கே முடிவு என்கிறார். அரசனுக்குச் சொன்ன உவமை. உவமைக்கு எடுத்தார் என்றால், அந்தக் காலத்திலேயே நம்மாளு மரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்திருக்கிறான் என்று அர்த்தம்! (கைதட்டல்)

சில பேர் ஏறவே மாட்டார்கள், கீழேயிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். மரம் 40 அடி, கயிறு 30 அடி. மூன்று மச்சினன்மாரும் சேர்ந்து "ஏலேலோ" போடுகிறார்கள். மரம் சொன்ன பேச்சைக் கேட்டு நேராக அவர்களிடமே வருகிறது!

இப்போ வேலை தெரிந்தவர் எப்படிச் செய்கிறார்? எங்கள் வீட்டு வேப்பமரத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். கோடாலியைத் தொடவே இல்லை. கால் மணி நேரம் மரத்தையே சுற்றி வந்தார். "என்னங்கய்யா, பிள்ளையார் மாதிரி சுத்துறீங்க?" என்றேன். "மரம் எந்தப் பக்கம் போக நினைக்குதுன்னு பார்க்கிறேன் சார்" என்றார். எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்கள். நாம் நினைக்கிற பக்கம் மரம் சாயாது. சாய்வு எங்கே, கிளைப் பாரம் எங்கே, உள்ளே பொந்து எங்கே என்று பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, சாயவேண்டிய பக்கத்தில் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு, விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்கு. பிறகு பின்பக்கம், அந்த வாய்க்குக் கொஞ்சம் மேலே இன்னொரு வெட்டு. இரண்டையும் சந்திக்க விடவில்லை. நடுவில் கொஞ்சம் மரத்தை விட்டுவைத்தார். கதவுக்குக் கீல் மாதிரி அதுதான் மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கமாக மெதுவாகப் படுக்க வைக்கிறது. நம்ம ஆளு ஆவேசத்தில் கீலையும் சேர்த்து அறுத்துவிடுவார். அப்புறம் மரம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். அந்தப் பெரியவர் ஓடுகிற வழியைக்கூட முன்னாலேயே சுத்தம் பண்ணி வைத்தார். அதுவும் மரத்துக்கு நேர் பின்னால் இல்லை, கோணலாகப் பின்பக்கம். ஏனென்றால் சாயும்போது அடிமரம் பின்னால் எகிறி உதைக்கும்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "லைனை யாரு சார் நிறுத்துவாங்க?" கிளைப் பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் அவர் கத்தியை எடுக்க மாட்டார். பச்சை மரத்தில் ஈரம் இருக்கிறது, மின்சாரம் பாயும். தாய்மார்களே, இது வெட்டுகிறவருக்கு மட்டும் இல்லை. இரும்புத் துறட்டியால் முருங்கைக்காய் பறிக்கிறீர்களே, அது கம்பியில் பட்டால் கையை எடுக்க நேரம் இருக்காது. இந்த ஒன்றை மட்டும் நான் சிரிப்பாகச் சொல்லவில்லை.

"விழுந்து கிடக்கிற மரத்தையாவது நாமே வெட்டலாமே?" என்கிறார் எதிரணி அம்மையார். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. வேரோடு சாய்ந்த மரத்தில் வேரும் மண்ணும் சேர்ந்து சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். தண்டை அறுத்ததும் அந்த வேர்ச்சுவர் படாரென்று பள்ளத்துக்குள்ளேயே திரும்பி உட்காரும். அந்தப் பள்ளத்தில் குழந்தைகள் விளையாடினால்? செயின்சா வாங்கிவிட்டேன் என்கிறவர்களுக்கும் ஒன்று: அதன் பட்டை நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால் இயந்திரம் உங்கள் முகத்துக்கே எகிறும். ஏணியில் நின்று அதை ஓட்டுகிற தைரியசாலிக்கு நான் கும்பிடு போடுகிறேன், தூரத்திலிருந்து.

அம்மையார் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள். "ஆள் வைத்தால் அவர் உயிர் மட்டும் போகலாமா?" நல்ல கேள்வி. போகக்கூடாது. ஆனால் 3,000 கேட்கிறவரை நாம் 2,000-க்குப் பேசி முடிக்கிறோமே, அவர் எதைக் குறைப்பார்? அரிசி விலையைக் குறைக்க முடியுமா? கூட வருகிற ஆளைக் குறைப்பார். கீழே கயிறு பிடிக்க ஒருவர் இல்லாமல் தனியாக ஏறுவார். நாம் மிச்சம் பிடித்த ஆயிரம், அவர் இடுப்பில் கட்டவேண்டிய கயிறு நடுவர் அவர்களே. (பலத்த கைதட்டல்)

தரையில் நின்று கைக்கெட்டுகிற குச்சியைக் கழிக்கிறீர்களா, தாராளமாகச் செய்யுங்கள், ஆள் வேண்டாம். எதிரணித் தம்பி பதில் சொல்ல வரும்போது, கொல்லையில் தானே வெட்டினாரே, அந்த மரம் எத்தனை அடி உயரம் என்பதை மட்டும் இந்த மேடையில் சொல்லட்டும். வாழை மரமாக இருக்கும் என்பது என் சந்தேகம். (சிரிப்பு) மணி அடித்துவிட்டார்கள்.